முன்சக்கரம் சொன்ன பேச்சு கேட்கவில்லையா? – வாசகர் கேள்வி பதில்

சொந்தமாகச் சிறு விமானம் கட்டும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பல, மூக்குச் சக்கரத்தையே சுற்றி வந்தன. சேர்த்தே பதில் தருகிறோம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: ராட் எண்டில் (ஸ்டீயரிங் தண்டின் முனையில் திருகியிருக்கும் பந்து மூட்டில்) ஸ்பேனர் வைப்பது கடைசி வேலை. முதல் வேலை அளப்பது, அளந்ததை எழுதி வைப்பது.

கேள்வி: இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம், ரோடாக்ஸ் 912 இன்ஜின். முன்சக்கரம் புஷ் ராட் (தள்ளு தண்டு) வழியாக நேரே ரட்டர் (வாலில் உள்ள திசைதிருப்பி) பெடலோடு இணைந்தது. டாக்சி போகும்போது, அதாவது தரையில் ஓட்டும்போது, இடப்பக்கம் இழுத்தது. இடது ராட் எண்டை இரண்டு சுற்று திருகினேன். இப்போது மெதுவாகப் போனால் நேராகப் போகிறது, வேகமெடுத்தால் வலப்பக்கம் ஓடுகிறது. அடுத்து எந்தப் பக்கம் திருக வேண்டும்? – வாசகர், குரோம்பேட்டை

பதில்: எந்தப் பக்கமும் வேண்டாம். முதலில் அந்த இரண்டு சுற்றைத் திருப்பி, ராடைப் பழைய நீளத்துக்கே கொண்டுவாருங்கள். மெதுவாகப் போகும்போது ஒரு குணமும் வேகத்தில் வேறு குணமும் காட்டினால், வேறெங்கோ இருந்த கோளாறை ஸ்டீயரிங்கை வளைத்து மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். நாங்கள் முதலில் சந்தேகப்படுவது இடது பிரேக்கை. பிரேக் லேசாக உரசினால் அதன் இழுப்பு மெதுவான ஓட்டத்தில் நன்றாகத் தெரியும். வேகம் கூடி ரட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் அந்த இழுப்பு அமுங்கிப்போகும். நீங்கள் திருகி வைத்த கோணல் மட்டும் மிஞ்சி நிற்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு பின்சக்கரங்களிலும் காற்றை ஒரே கேஜால் பாருங்கள். காற்று குறைந்த பக்கம் இழுக்கும். இதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றி விடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுற்றி நிற்க வேண்டும். ஒன்று சட்டென்று நின்றால், கேலிப்பர் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) நகரும் பின்களைக் கழற்றிப் பாருங்கள். துருவோ பிரேக் தூளோ படிந்து, கேலிப்பர் திரும்பி நகராமல் நிற்கும். பின்னைத் துடைத்து உலர் மசகு போட்டால் போதும். கிரீஸ் பூசினால் மண் ஒட்டி, ஒரே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் விடாதீர்கள். பெடல் முழுவதும் திரும்பி வராமல் ஒரு மில்லிமீட்டர் முன்னே நின்றாலும், எண்ணெய் திரும்பும் துளை மூடியே இருக்கும். டிஸ்க் சூடாகச் சூடாகப் பிரேக் தானே பிடிக்கும். இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: பெரிய ஷூ. குதிகால் தரையில் பதியாமல் பாதம் பெடல் மேல் கிடந்தால், கட்டைவிரல் தெரியாமலே பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால், தள்ளிப் பார்க்கும் சோதனை. இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே இரு பெடலையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து சி-கிளாம்ப் போடுங்கள். சமமான சிமெண்ட் தரையில் சாக்பீஸால் 20 மீட்டர் கோடு இழுத்து, முன்சக்கரத்தைக் கோட்டின் மேல் வையுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் லேண்டிங் கியர் காலின் அடியைப் பிடித்துத் தள்ள வேண்டும். ப்ரொப்பெல்லரையும் ரெக்கையின் பின் விளிம்பையும் தொடக்கூடாது.

இதில் ஒரு சிறு கணக்கு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர் என்றால், முன்சக்கரம் 1 டிகிரி கோணலாக இருந்தால் விமானம் சுமார் 86 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் போகும். 20 மீட்டர் தள்ளுவதற்குள் கோட்டைவிட்டு 2.3 மீட்டர் விலகியிருக்கும். ஒரு டிகிரி எவ்வளவு பெரிது என்று இப்போது தெரிந்திருக்கும். உங்கள் ராட் எண்ட் கால் இன்ச் தடிமன், இன்ச்சுக்கு 28 மரையுள்ளது என்றால், ஒரு சுற்றுக்கு 0.9 மில்லிமீட்டர் நகரும். ஸ்டீயரிங் ஆர்ம் (ராட் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பும் கை) 75 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் அது 0.7 டிகிரி. நீங்கள் திருகிய இரண்டு சுற்று கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி. வேகத்தில் வலப்பக்கம் ஓடாமல் வேறென்ன செய்யும்?

தள்ளிப் பார்த்தும் விலகினால்தான் ராடைத் தொடலாம். பெடல் நடுவில், ரட்டர் நடுவில், சக்கரம் நேரே: மூன்றும் ஒரே சமயத்தில் அமைய வேண்டும். இடது ராடை எவ்வளவு நீட்டுகிறீர்களோ அவ்வளவு வலது ராடைக் குறையுங்கள். ஒன்றை மட்டும் திருகினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பெடல் இறுகும். திருகி முடித்ததும் ராடில் உள்ள சோதனைத் துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி உள்ளே போனால் மரை போதுமான ஆழத்துக்குப் போகவில்லை. ராடையே மாற்ற வேண்டும். லாக் நட்டை இறுக்கி, நட்டுக்கும் ராடுக்கும் குறுக்கே பெயிண்ட் கோடு ஒன்று போட்டு வையுங்கள். நட் நகர்ந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

தள்ளும்போது நேராகப் போய், இன்ஜின் ஓடும்போது மட்டும் இடப்பக்கம் போனால் அது கோளாறே இல்லை. ரோடாக்ஸ் 912-இல் ப்ரொப்பெல்லர் பைலட்டின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் காற்று சுருளாகப் பின்னால் வந்து, வாலை ஒரு பக்கம் தள்ளி, மூக்கை இடப்பக்கம் திருப்பும். த்ராட்டிலை மூடியதும் இழுப்பு நின்றால் இதுதான். வலது பெடல் அதற்காகத்தான் இருக்கிறது.

கேள்வி: இறங்கி ஓடும்போது ஒரு வேகத்தில் முன்சக்கரம் படபடவென்று அடித்து, டாஷ்போர்டே நடுங்குகிறது. புதிய ஷிம்மி டேம்பர் (சக்கரத்தின் படபடப்பை அடக்கும் பாகம்) போட்டும் பத்து நாள்தான் தாங்கியது. இன்னும் கனமான டேம்பர் போடலாமா? – வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். டேம்பர் ஆட்டத்தை விழுங்குமே தவிர, அதை உண்டாக்கும் தளர்வைச் சரிசெய்யாது. அந்தத் தளர்வு புது டேம்பரின் இணைப்பையும் சேர்த்துத் தின்றுவிடும். பத்து நாளில் நடந்திருப்பது அதுதான்.

வாலை அழுத்தி மூக்கைத் தூக்குங்கள். வால் இறக்கையின் விளிம்பில் கை வைக்காமல், பின்பக்கக் கட்டும் வளையத்தில் மணல் மூட்டையைத் தொங்கவிடுவது நல்லது. பெடல்களைக் கிளாம்ப் செய்துவிட்டு, டயரின் முன்விளிம்பைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். தளர்ந்த மூட்டில் 'டக்' என்று விரலுக்கே தெரியும். டயரின் ஆரம் 170 மில்லிமீட்டர் என்றால், விளிம்பில் 5 மில்லிமீட்டர் ஆட்டம் என்பது 1.7 டிகிரி. படபடப்பு தொடங்க அதுவே தாராளம்.

குற்றவாளி பெரும்பாலும் இந்த வரிசையில் அகப்படும்: ஸ்டீயரிங் ஆர்மில் போல்ட் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், டார்க் லிங்க் (காலின் மேல், கீழ்ப் பாகங்கள் தனித்தனியே சுழலாமல் பிடிக்கும் இணைப்பு) புஷ் தேய்ந்திருக்கும், சக்கர பேரிங் தளர்ந்திருக்கும். டேப்பர் ரோலர் பேரிங் என்றால், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை லேசாக உரசும் வரை இறுக்கி, அங்கிருந்து தளர்த்தி, ஆட்டமும் இல்லாமல் உரசலும் இல்லாமல் நிற்கும் ஸ்ப்ளிட் பின் துளையில் நிறுத்துங்கள். முட்டை வடிவத் துளைக்கு மருந்தாகப் பெரிய போல்டைத் திணிக்காதீர்கள். ரீமர் (துளையைத் துல்லியமாக அகலப்படுத்தும் கருவி) போட்டு அடுத்த அளவுக்குச் சரியாக ஏற்றினாலும், விளிம்பு வரை போதிய உலோகம் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். மிஞ்சாவிட்டால் ஆர்மை மாற்றுங்கள்.

பிறகு டயர். சமநிலை பார்க்காத டயர், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த டயர், கையேட்டு அளவுக்குக் கூடவோ குறையவோ காற்றுள்ள டயர் மூன்றும் படபடப்பைத் தொடங்கி வைக்கும். ஹைட்ராலிக் டேம்பரைக் கழற்றிக் கையால் முழு நீளத்துக்கும் இழுத்துத் தள்ளுங்கள். எங்கும் ஒரே எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் 'லபக்' என்று வழுக்கினால் உள்ளே காற்று. எண்ணெயை நிரப்பிக் காற்றை வெளியேற்றினாலே சரியாகும்.

உங்கள் முன்சக்கரம் பெடலோடு இணையாமல் தானாகத் திரும்பும் காஸ்டர் வகை என்றால், கதை வேறு. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரம் அடித்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்: திரும்பும் அச்சில் உரசல் போதவில்லை. மூக்கைத் தூக்கி, சக்கர ஆக்ஸிலில் ஸ்பிரிங் தராசை மாட்டிப் பக்கவாட்டில் இழுத்து, ஃபோர்க் நகரத் தொடங்கும் விசையைப் படியுங்கள். வேன்ஸ் ஆர்வி என்ற கிட் விமான வரிசையின் மூக்குச்சக்கர ரகங்கள் பலவற்றில் இது 22 பவுண்டு, அதாவது 10 கிலோ அளவில் வைக்கப்படுகிறது. உங்கள் கிட்டின் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்குச் சட்டம். புதிய வாஷர்கள் ஓடி ஓடிப் பதிந்துவிடும் என்பதால் முதல் சில மணி நேரப் பறப்புக்குப் பிறகு விசை இறங்கிவிடும். மறுபடி அளந்து இறுக்குங்கள்.

அடித்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது: ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மூக்கின் பாரத்தைக் குறையுங்கள், த்ராட்டிலை மூடுங்கள். அவசரமாகப் பிரேக் போட்டால் பாரம் முழுவதும் மூக்குக்குப் போய் படபடப்பு கூடும்.

கேள்வி: பெடல் மிகவும் கனமாக இருக்கிறது. நிற்கும் விமானத்தில் இரண்டு காலால் உதைத்தாலும் சக்கரம் திரும்பவில்லை. எல்லாம் புதுப் பாகங்கள், பவுடர் கோட்டிங்கும் செய்தாயிற்று. – வாசகர், வேளச்சேரி

பதில்: நிற்கும் விமானத்தில் உதைப்பதை உடனே நிறுத்துங்கள். நேரடி இணைப்புள்ள ஸ்டீயரிங்கில் அப்படி உதைத்தால் புஷ் ராட் வளையும். ராட் எண்ட் பந்து அதன் கூட்டிலிருந்து பிதுங்கிக்கூட வரலாம். நிறுத்திய இடத்தில் சோதிக்க வேண்டுமானால், இரண்டு தகரத் தகட்டுக்கு நடுவே கிரீஸ் தடவி, அதன் மேல் முன்சக்கரத்தை ஏற்றுங்கள். சக்கரம் தரையில் உரசாமல் திரும்பும்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: பவுடர் கோட்டிங். அந்தப் பூச்சு ஒரு பக்கத்துக்கு 60 முதல் 100 மைக்ரான் வரை ஏறும். ஸ்டீயரிங் தண்டின் சுற்றிலும் ஏறினால், விட்டம் 0.12 முதல் 0.2 மில்லிமீட்டர் கூடிவிடும். புஷ்ஷில் விட்டிருக்கும் இடைவெளியே அதைவிடக் குறைவு. புஷ்ஷுக்குள் ஓடும் பகுதியில் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெண்கலப் புஷ்ஷைப் பிரஸ்ஸில் இறக்கிய பிறகு ரீமர் விட்டார்களா என்றும் கேளுங்கள். இறக்கும்போது புஷ் சுருங்கும். வெளியே இருந்தபோது சரியாக இருந்த துளை உள்ளே போனதும் இறுகிவிடும். லேத் பட்டறையில் அடிக்கடி விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான். பவுடர் கோட்டிங் வெல்டின் மேல் விழுந்த விரிசலையும் மறைக்கும். ஆகவே ஃபோர்க்கின் வெல்டிங் பகுதிக்குச் சாதாரண மெல்லிய பெயிண்டே மேல்.

சரிசெய்த பின், கிரீஸ் தகட்டின் மேல் சக்கரத்தை இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் திருப்பி, ஸ்பின்னரின் (ப்ரொப்பெல்லர் நடுவிலுள்ள கூம்பு மூடியின்) அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். திருப்பும்போது மூக்கு கொஞ்சம் எழுந்தால் சக்கரம் தானே நேராகும். மூக்கு இறங்கினால், ஒரு பக்கம் போய் விழுந்து அங்கேயே நிற்கப் பார்க்கும். பெடலால் அதை மீட்பது கஷ்டம். கால் வளைந்ததாலோ, அதிர்வைத் தாங்கும் பங்கி ரப்பர் தொய்ந்ததாலோ திரும்பும் அச்சின் சாய்வு மாறியிருந்தால் இப்படி ஆகும்.

கேள்வி: முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங் இல்லை, பிரேக்கால்தான் திருப்ப வேண்டும். வலது பிரேக் பஞ்சு மாதிரி இருக்கிறது. பைக் பிரேக் ஆயில் கொஞ்சம் ஊற்றிச் சமாளிக்கலாமா? – வாசகர், அண்ணா நகர்

பதில்: ஊற்றியே விடாதீர்கள். விமான பிரேக்கில் பெரும்பாலும் இருப்பது 5606 எனப்படும் சிவப்புக் கனிம எண்ணெய். அதன் சீல்கள் நைட்ரைல் ரப்பர். பைக்கிலும் காரிலும் ஊற்றும் டாட் 3, டாட் 4 எண்ணெய் வேறு இனம். அதன் சீல்களும் வேறு ரப்பர். மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போய் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் கழுவிப் பயனில்லை. எல்லா ரப்பரையும் மாற்றியே ஆக வேண்டும். பைக் கேலிப்பரும் பைக் மாஸ்டர் சிலிண்டரும் போட்டுக் கட்டியிருந்தால் இதே விதி தலைகீழாகப் பொருந்தும்: சிவப்பு எண்ணெய் அதைக் கெடுத்துவிடும்.

பஞ்சு போலிருப்பது குழாயில் காற்று. கீழே கேலிப்பர் நிப்பிளிலிருந்து மேல்நோக்கி எண்ணெயைத் தள்ளுங்கள். காற்றுக்குமிழி மேலே போகத்தான் விரும்பும். மேலிருந்து பெடலை அடித்து அடித்துக் கீழே தள்ளுவது நேர விரயம்.

கேள்வி: திரும்பும் வட்டம் பெரிதாக இருக்கிறது. ஸ்டீயரிங் கோணத்தைக் கூட்டலாமா? – வாசகர், பெரம்பூர்

பதில்: கூட்டாதீர்கள். பெடலால் 10 டிகிரி போதும், 1.5 மீட்டர் சக்கர இடைவெளிக்கு அது எட்டரை மீட்டர் ஆரம். செஸ்னா 172-இலும் பெடலால் 10 டிகிரிதான்; அதற்கு மேல் சுமார் 30 டிகிரி வரை பிரேக்கை வைத்துத் திருப்புவார்கள். அங்கே பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பிரிங் இருப்பதால் அது முடிகிறது. நேரடி ராடில் கோணத்தைக் கூட்டினால், ஓட்டத்தில் லேசாகக் கால் பட்டாலும் விமானம் பாயும்.

கேள்வி: பக்கக் காற்றில் இறங்கும்போது பின்சக்கரம் தொடும் வரை எல்லாம் நேர், மூக்கு இறங்கிய நொடியில் ஒரு பக்கம் பாய்கிறது. – வாசகர், போரூர்

பதில்: காற்றுக்கு எதிராக ரட்டரை மிதித்துப் பிடித்திருக்கிறீர்கள். நேரடி இணைப்பில் முன்சக்கரமும் அதே அளவு திரும்பித்தான் இருக்கும். அப்படியே தரையைத் தொட்டால் பாயாமல் என்ன செய்யும்? ஸ்டிக்கைப் பின்னால் வைத்து மூக்கை முடிந்தவரை தாமதமாக இறக்கி, அது தொடும் கணத்தில் பெடலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஐலரானை (இறக்கையைச் சாய்க்கும் தகட்டை) இயக்கும் ஸ்டிக்கைக் காற்றடிக்கும் பக்கமே வைத்திருங்கள். பழக்கத்துக்குப் பிறகும் பாய்ந்தால், மேலே சொன்ன தள்ளும் சோதனைக்குத் திரும்புங்கள்.

கேள்வி: புதுப்பேட்டையில் நல்ல போல்ட், பேரிங், பைக் ஸ்டீயரிங் டேம்பர் எல்லாம் கிடைக்கிறது. முன்சக்கரத்துக்குப் போடலாமா? – வாசகர், தாம்பரம்

பதில்: பேரிங் போடலாம், டேம்பர் கூடாது, போல்ட் கூடவே கூடாது. பேரிங் எண் உலகம் முழுவதும் ஒன்றுதான். எண்ணும் பின்னொட்டும் அப்படியே இருந்தால் பொருந்தும். ஆனால் பழைய வண்டியில் கழற்றியதை வாங்காமல், அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில்லோடு புதிதாக வாங்குங்கள். போலி பேரிங் பெட்டியைப் பார்த்து அடையாளம் காண்பது கஷ்டம்.

போல்ட் விமானத்துக்கானதாகவே இருக்கட்டும். ஏஎன் எனப்படும் விமானத் தர போல்டில் மரை இல்லாத பகுதியின் நீளம் கணக்கிட்டு வருவது. துளைக்குள் மரை உட்கார்ந்தால் அதுவே ஆர்மை அரம் போல் அறுத்துவிடும். மூட்டு சுழலும் இடத்தில் நைலான் நட் வேண்டாம். கேஸல் நட்டும் (தலையில் பள்ளம் வெட்டிய நட்) அந்தப் பள்ளத்தில் மாட்டும் ஸ்ப்ளிட் பின்னும்தான். ஏஎன்3 போல்டுக்கு 20–25 இன்ச்-பவுண்டு, ஏஎன்4-க்கு 50–70 என்பது நட்டும் போல்டும் இறுக்கிப் பிடிக்கும் இடத்துக்கான பொது அளவு. சுழலும் மூட்டில் அவ்வளவு இறுக்கினால் மூட்டே நின்றுவிடும். ராட் எண்டின் வெளிப்பக்கம் பந்தைவிட அகலமான வாஷர் ஒன்று வையுங்கள். பந்து கழன்றாலும் ராட் போல்டிலேயே தொங்கி நிற்கும். ஒரு பெடலாவது மிஞ்சும்.

பைக் டேம்பர் வேறு பாரத்துக்கும் வேறு வேகத்துக்கும் அளந்தது. அதை மாட்டினால் விமானம் அனுமதி பெற்ற வடிவத்திலிருந்து மாறுகிறது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டிஜிசிஏ தரப்புக்கு எழுதித் தெரிவிக்காமல் லேண்டிங் கியரில் எதையும் மாற்றாதீர்கள்.

கேள்வி: கடற்கரைக்கு அருகே ஷெட். ஆறு மாதத்தில் ஸ்டீயரிங் மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. – வாசகர், திருவான்மியூர்

பதில்: அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உப்புக்காற்று செய்யும் வேலை. கழற்றி, நன்னீரில் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்து உலர்த்துங்கள். வயர் பிரஷ் போடாதீர்கள். போல்டின் கேட்மியம் பூச்சு போய்விடும். இரண்டு உலோகமும் சேரும் முகத்தில் ஜிங்க் குரோமேட் பிரைமர் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே போல்டை ஏற்றுங்கள். எஃகுக் குழாய் ராடுகளுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடியவிடுங்கள். சக்கர மூடி போட்டிருந்தால் மழைக்காலத்தில் அதைக் கழற்றியே வையுங்கள்; ஈர மண் உள்ளே அப்பிக்கொண்டு டயரோடு உரசும், பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கும். விமானத்தை நகர்த்துகிறவர்களிடம் ஒன்றை மட்டும் எழுதி ஒட்டிவிடுங்கள்: ரட்டர் லாக் மாட்டியிருக்கும்போது டோ பாரை (விமானத்தை இழுக்கும் கம்பியை) போட்டு முன்சக்கரத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் வளைவது புஷ் ராட்.